பூத்தா சொல்லுங்க

காலை அங்கே வைக்காதீர்கள், அம்மா. இந்தப் பக்கம், கல் பாவிய இடத்தில் வாருங்கள். அது புல் இல்லை. பாத்தி. ஐரிஸ் பாத்தி.

பரவாயில்லை, நீங்கள் மிதிக்கவில்லை. மிதித்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருப்பேன், மெதுவாகச் சொல்லியிருப்பேன். கூரைக்கு அடியில் வந்துவிடுங்கள். கொடைக்கானலில் வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. பஸ் நிறுத்தம் இதோ வளைவில்தான். திண்டுக்கல் பஸ் மேலே திரும்பும்போதே ஹாரன் கேட்கும், அப்புறம் இறங்கினாலும் பிடித்துவிடலாம். அதுவரை அந்த நாற்காலியில் உட்காருங்கள். என் மனைவியின் நாற்காலி. இப்போது சும்மாதான் கிடக்கிறது.

இலையைப் பார்த்தீர்களா? என் இடுப்பு உயரம். இந்தப் பச்சையை வேறு எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? பூ இல்லைதான். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேடினீர்கள், கவனித்தேன். பூ வரும். அடுத்த வருஷம் கட்டாயம் வரும். வந்தாக வேண்டும். பூ வந்தால்தான் எமல்டா வருவாள்.

எமல்டா என் மனைவி. திண்டுக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறாள். "பூத்தா சொல்லுங்க, வரேன்" என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். மனைவி அப்படிச் சொன்ன பிறகு புருஷன் செய்ய வேண்டியது என்ன? பூக்க வைப்பதுதானே? அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஐரிஸ் பூ பார்த்ததில்லையா? மூன்று இதழ் மேலே எழுந்து குவிந்து நிற்கும். மூன்று இதழ் கீழே மடிந்து தொங்கும். தொங்குகிற ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளாக ஒரு கோடு, குட்டிக் கம்பளிப்பூச்சி படுத்திருப்பது போல. எங்களுடையது நீலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைப் பையில் பேனா கசிந்தால் ஒரு நீலம் வருமே, அது. மண்ணில் இருப்பது கிழங்கு. பார்க்க இஞ்சிதான். தெரியாதவர்கள் தட்டி டீயில் போட்டுவிடுவார்கள்.

கிழங்கைக் கொண்டுவந்தவள் எமல்டாதான். ஏரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தோட்டத்தை வெட்டிப் போட்டார்கள். அந்தக் குப்பையிலிருந்து முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். கொண்டுவந்து எங்கே நட்டாள் தெரியுமா? அதோ, வாசலுக்கு அந்தப் புறம், சரளைக் கல் சரிவு இருக்கிறதே, அங்கே. நிழல் கிடையாது, மண்ணும் கிடையாது, ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அங்கே போய் நட்டாள். அதுவும் எப்படி? கிழங்கைப் பாதிதான் புதைப்பாள். முதுகு வெளியே தெரியும், குளத்தில் எருமை படுத்திருப்பது போல.

"ஏன் எமல்டா வெளிய விட்டு வெச்சிருக்க? ராத்திரி குளிராதா அதுக்கு?" என்று கேட்டேன்.

"முதுகுல வெயில் படணுங்க. மூடினா மூச்சு முட்டிரும்" என்றாள்.

கிழங்குக்கு மூச்சு! நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

பூத்ததா என்று கேட்கிறீர்கள். பூத்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன், நான் நியாயமாகப் பேசுகிறவன். ஈஸ்டர் சமயத்தில் அந்தச் சரிவு முழுக்க நீலமாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் வேனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் அது அதிர்ஷ்டம், பராமரிப்பு இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, பூ ஓய்ந்ததும், அவள் அந்தச் செடியைப் படுத்திய பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முள்கரண்டி மாதிரி ஒரு மண்வெட்டி உண்டு, அதை விட்டு மொத்தப் புதரையும் நெம்பித் தூக்குவாள். மண்ணை உதறுவாள். கிழங்கைக் கணுக் கணுவாக உடைப்பாள். நடுவில் இருக்கும் பெரிய கிழங்கு, அதுதான் தாய்க் கிழங்கு, அதைத் தூக்கித் தூரப் போட்டுவிடுவாள். "இது பூத்து முடிஞ்சதுங்க. இனிமே இடத்தை அடைச்சிட்டு உக்காந்திருக்குமே தவிர பூக்காது. பக்கத்துல வந்ததையும் நெருக்கும்" என்பாள். இலையை விசிறி மாதிரி கத்தரித்து, உடைத்த காயம் காய வேண்டுமென்று அப்படியே திண்டில் பரப்பி வைப்பாள். அப்புறம் ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளித் தள்ளி நடுவாள். சேர்ந்து இருந்ததை எதற்குப் பிரிக்க வேண்டும்? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

மிஞ்சியதை எல்லாருக்கும் கொடுப்பாள். தபால்காரருக்கு, கோயில் பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு, மதிலுக்கு அந்தப் புறம், சரிவில் கீழ் வீட்டு ஜமீலாவுக்கு. தெரு பூராவும் எங்கள் வீட்டுக் கிழங்கு. எனக்குப் பிடிக்காது. நம்முடையது நம்மிடம் இருக்க வேண்டும்.

அப்போது நான் வேலையில் இருந்தேன், தலையிட நேரமில்லை. நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஹவுஸில் ஃபோர்மேன். இந்த மலையில் ஒரு வீடு விடாமல் என் தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு இடத்தில் உயிர் இருக்கிறதென்றால் அங்கே தண்ணீர் போகிறது, இல்லையென்றால் வால்வைப் பார். அவ்வளவுதான் சூத்திரம்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாத்தியை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்றுதான். அந்த மொட்டைச் சரிவிலிருந்து எல்லாவற்றையும் தோண்டி இங்கே, பேரிக்காய் மரத்தடிக்குக் கொண்டுவந்தேன். நிழல். கைக்கெட்டும் தூரத்தில் குழாய். பள்ளம் வெட்டி, மாட்டெருவும் கோழி எருவும் கலந்து போட்டேன். கிழங்கு வெளியே தெரியாமல் நாலு விரல் கனத்துக்கு மண் போட்டு மூடினேன். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். நான் என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள்?

அவள் இந்த இடத்தில்தான் நின்றாள். "ஏங்க, மேல மண்ணு போடாதீங்க" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். "நீ உள்ள போ, வெயில்ல நிக்காத" என்றேன். போய்விட்டாள். எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தங்கமான குணம்.

அவளையும் நன்றாகத்தான் வைத்திருந்தேன். பாலர் பள்ளி ஒன்றில் காலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் படமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தச் சொன்னேன். நான் வீட்டில் இருக்கும்போது அவள் ஏன் வெளியே போக வேண்டும்? "இந்த வருஷம் மட்டும் போறேங்க, பிள்ளைங்க பழகிருச்சு" என்றாள். பிள்ளைகள் வேறு யாரோடும் பழகிக்கொள்ளும் என்றேன். சாயங்காலம் ஜமீலா வீட்டுக்குப் போவாள். ஜமீலா வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறவள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாக்லேட்டுக்கு மினுமினுப்புத் தாள் சுற்றிக்கொண்டு கதை பேசுவார்கள். சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்கும். என் மனைவி அடுத்த வீட்டுச் சாக்லேட்டுக்கு ஏன் தாள் சுற்ற வேண்டும்? அதுவும் நின்றது. காய்கறி நான் வாங்கினேன். அவள் புடவைகூட நான்தான் வாங்கினேன். ஒரு வேலை வைக்கவில்லை அவளுக்கு. அந்த நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். இந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு, பேசாமல், மணிக்கணக்காக. அப்படி ஒரு நிம்மதி.

முதல் வருஷம் ஒன்றிரண்டு பூ வந்தது. அடுத்த வருஷம் இல்லை. இலை மட்டும் கரும்புத் தோட்டம் மாதிரி. "எமல்டா, இலையைப் பாரு!" என்பேன். "பாக்கறேங்க" என்பாள்.

அப்புறம் மருமகளுக்குக் குழந்தை பிறந்தது. உதவிக்கென்று திண்டுக்கல் போனாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இவள் வரவில்லை. கேட்டால் பேரனுக்குச் சளி, பேரனுக்குப் பல் என்பாள். நான் நேரில் போனேன். சொல்லாமல் போனேன், சந்தோஷப்படட்டும் என்று.

அவர்கள் இருப்பது அடுக்கு மாடி. கீழே கார் நிறுத்துகிற இடத்துக்கு வெளியே, நல்ல வெயிலில், சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் யானை வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வாண்டு, "மிஸ், யானைக்கு வாலு குட்டையா இருக்கு மிஸ்" என்றது. "அது நேத்துதான் முடி வெட்டிக்கிச்சு" என்றாள் இவள். பிள்ளைகளெல்லாம் கத்திச் சிரித்தன. அவளும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கறுத்துப் போயிருந்தாள், அம்மா. கழுத்தெல்லாம் வியர்வை. அந்த ஊரில் குடிதண்ணீர்கூட எப்போதோ ஒரு நாள்தான் வருகிறது. இப்படியா இருப்பாள் என் மனைவி?

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆச்சரியத்தில்தான்.

மாடிக்குப் போனதும், "கிளம்பு, போகலாம்" என்றேன். அவள் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் தட்டினாள். அப்புறம் கேட்டாள்: "பூ பூத்துச்சா?"

"இன்னும் இல்ல."

"எங்க வெச்சிருக்கீங்க? அதே மரத்தடியிலயா?"

"அங்கதான். நல்லா மூடி, எருவெல்லாம் போட்டு."

"சரிங்க. பூத்தா சொல்லுங்க. வரேன்."

மகன் நிர்மல் மருமகளைப் பார்த்தான். மருமகள் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு உதவிக்கு ஆள் போய்விடுமே என்கிற கவலை. எனக்குப் புரியாதா? ஆனால் எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வரமாட்டேன் என்று சொல்லவில்லை பாருங்கள். ஒரு காரியத்தைச் சொல்லி, அது முடிந்தால் வருகிறேன் என்கிறாள். பம்ப் ஹவுஸில் எத்தனை மோட்டாரை ஓட்டியவன் நான். ஒரு பூவைப் பூக்க வைக்க முடியாதா?

மழையா? விடும், விடும். சாரல்தான். இங்கே நகர்ந்து உட்காருங்கள்.

ஊர் திரும்பியதும் எருவைக் கூட்டினேன். தண்ணீரையும் கூட்டினேன். அப்போதுதான் அழுகல் வந்தது. கிழங்கைத் தொட்டால் வெண்ணெய் மாதிரி அமுங்கும். நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம். ஜமீலா மதில் ஓரம் நின்று மூக்கை மூடிக்கொண்டு, "அண்ணே, செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா, குளிப்பாட்டுறீங்களா?" என்றாள். அவளுக்கு வாய் அதிகம். "அக்கா செஞ்ச மாதிரி பிரிச்சு நடுங்கண்ணே. பாதிய எங்கிட்டக் குடுங்க, எங்க கல்லு மேட்டுல வெச்சுப் பாக்கறேன்" என்றாள். பார்த்தீர்களா? கடைசியில் அங்கே வந்து நிற்கிறது. கொடுக்க முடியாது என்றேன். "எமல்டா வந்து பாக்கும்போது எல்லாம் இங்க இருக்கணும்." ஜமீலா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வருவாங்களா அண்ணே?" என்றாள். "பூத்தா வர்றேன்னு சொல்லியிருக்கா" என்றேன். அவள் அதற்கு மேல் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் போன வருஷம் நான் பிரித்து நட்டேன். யார் சொன்னாலும் நல்லதை எடுத்துக்கொள்கிறவன் நான். எல்லாவற்றையும் தோண்டினேன். பெரிய பெரிய தாய்க் கிழங்காகப் பொறுக்கி வைத்தேன். அதைப் போய்த் தூர எறியலாமா? அதையெல்லாம் இன்னும் ஆழமாக, புது எருவில், நெருக்கமாக நட்டேன். ஒன்றுக்கொன்று துணை வேண்டுமே. ஓரத்தில் சுண்டு விரல் மாதிரி வற்றலாகச் சில கிழங்கு இருந்தது. சீக்குப் பிடித்தவை. அதை மட்டும் வாரி மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டினேன். ஜமீலாவின் கல் மேட்டில் போய் விழுந்தது. அவள் கேட்டதற்காகக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். குப்பையைக் கொட்டினேன்.

இந்த ஈஸ்டருக்கு முந்தின வாரம். சாயங்காலத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஜமீலாவின் குரல். "அண்ணே! அண்ணே! ஓடி வாங்க!" யாருக்கோ என்னவோ என்று ஓடினேன்.

நீலம்.

கல் மேட்டில், அம்மா. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கல் இடுக்கில் விழுந்தது விழுந்தபடி கிடந்து, முதுகு பூராவும் வெயிலில் காய்ந்து, அதுவாக வேர் விட்டு நின்றது. ஒரு தண்டில் விரிந்த பூ. பக்கத்தில் இன்னும் மூன்று நான்கு மொட்டு. அதே மை நீலம். அதே கம்பளிப்பூச்சி. ஜமீலா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்காவுக்கு ஃபோன் போடுங்கண்ணே. இப்பவே போடுங்க. நிஜமாவே வந்திருவாங்க" என்றாள்.

ஆனால் நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. யோசித்தேன். எமல்டா வந்தால் எங்கே பார்ப்பாள்? அடுத்த வீட்டுக் கல் மேட்டிலா? குப்பையில் எறிந்த சீக்குக் கிழங்கே இப்படிப் பூக்கிறதென்றால், அதை நல்ல மண்ணில் வைத்துக் கவனித்தால் எப்படிப் பூக்கும்? மண்வெட்டியை எடுத்து வந்தேன். ஜமீலா குறுக்கே நின்றாள். "வேணாண்ணே. பூவோட எடுக்காதீங்க. தொடாதீங்கண்ணே" என்று கையைக்கூடப் பிடித்துவிட்டாள். "எங்க வீட்டுக் கிழங்கு, ஜமீலா" என்றேன். விட்டுவிட்டாள்.

வேர் கல்லுக்குள்ளே இறுகப் பிடித்திருந்தது. கொஞ்சம் அறுந்துதான் வந்தது. கொண்டுவந்து இதோ, நட்ட நடுவில், மரத்தை ஒட்டி, ஆழமாக நட்டேன். எரு போட்டேன். தண்ணீர் விட்டேன். அதன் பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு ஃபோன் செய்தேன்.

"எமல்டா, பூத்திருச்சு" என்றேன்.

"நிஜமாவா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம், அம்மா! முந்தானையில் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்தாளே, அன்றைய குரல்.

"எங்க பூத்திருக்கு?"

"ஜமீலா வீட்டுக் கல்லு மேட்டுல. நான் தூக்கிப் போட்ட கிழங்கு."

"கல்லு மேட்டுலயா?" சிரித்தாள். அழுதாளோ என்னவோ, ஃபோனில் தெரியவில்லை. "ஏங்க, அப்படியே விட்டு வைங்க. தண்ணி ஊத்தாதீங்க. எதுவும் செய்யாதீங்க. காலைல முதல் வண்டிக்கு நான் கிளம்பி வரேன். வந்து பாக்கறேன்."

வருகிறேன் என்றாள், பார்த்துக்கொள்ளுங்கள். அவளாகவே சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னும் அங்கயே விட்டு வெச்சிருப்பேனா? அப்பவே நோண்டிக் கொண்டாந்து நம்ம பாத்தியில நட்டாச்சு. நல்லா மூடி, தண்ணியும் விட்டாச்சு. நீ ஒண்ணும் கவலைப்படாத" என்றேன்.

கட் ஆகிவிட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். ஆகவில்லை. பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. "மிஸ், வாங்க மிஸ்" என்று ஒரு குரல்.

"சரிங்க" என்றாள். "பூத்தா சொல்லுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். பிள்ளைகள் கூப்பிட்டதால் வைத்திருப்பாள்.

அந்தப் பூ மறுநாளே தலை சாய்ந்துவிட்டது. மொட்டுகள் பழுப்பாகி உதிர்ந்தன. இடம் மாறினால் கொஞ்சம் வாடத்தான் செய்யும். இப்போது பாருங்கள், இலை எப்படிக் கிளம்பியிருக்கிறது. ஜமீலாதான் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. மதில் ஓரமே வருவதில்லை. பொறாமை, வேறென்ன? அவள் மேட்டில் பூத்ததை நான் எடுத்துக்கொண்டேனே.

அதோ ஹாரன். உங்கள் பஸ்தான். மழையும் நின்றுவிட்டது. என்ன பார்க்கிறீர்கள்? ஒரு கிழங்கு வேண்டுமா? தப்பாக நினைக்காதீர்கள், கொடுக்க முடியாது. அவள் வரும்போது எல்லாம் இருக்க வேண்டும்.

போகிற வழியில் அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் போங்கள், அம்மா. மழை பெய்தது சரி. மழை மேல் மண்ணைத்தான் நனைக்கும். ஆழத்தில் இருப்பதற்கு நாம்தான் ஊற்ற வேண்டும்.

இன்னும் கொஞ்சம். நன்றாகத் திறங்கள்.